கை ஓடுகிறது, கண் நிற்கிறது

ரூபிக்ஸ் கியூபை அடுக்கு அடுக்காகச் சேர்க்கப் பழகியவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து தங்கிவிடுகிறார்கள். முதலில் பத்து நிமிடம் பிடித்த வேலை பழகப் பழக ஐந்தாகி, இரண்டாகி, ஒன்றரை நிமிடத்துக்கு வந்து சேரும். அதன் பிறகு விரல் வலிக்கத் திருப்பினாலும் கடிகாரம் அசைந்து கொடுக்காது. சோமனூரில் குடியிருந்துகொண்டு, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டு, நாற்பது வயதைத் தாண்டிய பிறகு இதைக் கையில் எடுத்த நானும் அந்த ஒன்றரை நிமிடத்தில் வெகுகாலம் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து அரை நிமிடத்துக்கு இறங்கி வந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். கியூபைச் சேர்க்கவே தெரியாதவர்களுக்கு இது பயன்படாது. சேர்க்கத் தெரிந்து, மேலே போக வழி தெரியாமல் இருப்பவர்களுக்குப் பயன்படலாம்.

என் அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். நான் சேர்ப்பதை அவள் ஒருநாள் அலைபேசியில் படம் பிடித்து, வேகத்தைக் குறைத்து ஓடவிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்ன வாக்கியம்தான் இந்தப் பதிவு முழுவதற்கும் அடிப்படை: “மாமா, உங்க கையி வேகமாத்தானுங்க ஓடுது. கண்ணுதானுங்க நின்னு நின்னு போகுது.”

அவள் சொன்னது சரியா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அடுக்கு முறையில் ஒரு கியூபைச் சேர்க்க நூறு திருப்புகளுக்கு மேல் ஆகும். வினாடிக்கு மூன்று திருப்பு என்பது யாருக்கும் எட்டாத வேகம் அன்று. பயிற்சி உள்ள கை அதைச் சாதாரணமாகச் செய்யும். அப்படியானால் திருப்புவதற்கு மட்டும் ஆகும் நேரம் நாற்பது வினாடிக்கும் குறைவு. மீதி ஐம்பது வினாடி எங்கே போயிற்று? அடுத்த துண்டு எங்கே இருக்கிறது என்று கியூபை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்ப்பதிலும், எந்தப் பார்முலாவை, அதாவது மனப்பாடமான திருப்பு வரிசையைப் போடுவது என்று யோசிப்பதிலும், போட்டது சரியா என்று பார்த்துக்கொள்வதிலும் போயிற்று. ஆகவே வேகம் வேண்டுமென்றால் செய்ய வேண்டியவை இரண்டு: திருப்புகளின் எண்ணிக்கையைக் குறைப்பது ஒன்று, இடையில் நிற்கும் நேரத்தை அழிப்பது மற்றொன்று. முதலாவது புதிய முறை ஒன்றைக் கற்பதால் வந்துவிடும். இரண்டாவதுதான் கடினம், அதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிட்டு விரல் வேகத்தின் பின்னால் ஓடுகிறார்கள்.

இன்று உலகப் போட்டிகளில் கலந்துகொள்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பயன்படுத்தும் முறையின் பெயர் சிஎஃப்ஓபி. கிராஸ், எஃப்-2-எல், ஓஎல்எல், பிஎல்எல் என்ற நான்கு கட்டங்களின் முதலெழுத்துகளால் ஆன பெயர் அது. செக் நாட்டில் பிறந்து அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜெசிக்கா ஃப்ரிட்ரிச் 1997இல் தம் இணையப் பக்கத்தில் இதை முழுமையாக வெளியிட்டதால் அவர் பெயராலும் வழங்குகிறது. ஆனால் இதன் பகுதிகளை 1980களின் தொடக்கத்திலேயே ஐரோப்பாவில் வேறு சிலரும் கண்டிருந்தார்கள். எர்னோ ரூபிக் இந்தக் கியூபைப் புடாபெஸ்ட்டில் உருவாக்கியது 1974இல். அதே ஊரில் 1982இல் நடந்த முதல் உலகப் போட்டியில் மின் தாய் என்ற இளைஞர் 22.95 வினாடியில் சேர்த்து வென்றார். ஃப்ரிட்ரிச்சும் அந்தப் போட்டியில் ஆடியவர்தான். 2023இல் மேக்ஸ் பார்க் 3.13 வினாடியில் சேர்த்தார். இந்த இடைவெளியை விரல்கள் மட்டும் கடந்துவிடவில்லை. முறையும் மாறியது, கையிலிருக்கும் கியூபும் மாறியது.

எண்ணிக்கையைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். எப்படிக் கலைத்த கியூபையும் 20 திருப்புகளுக்குள் சேர்த்துவிட முடியும் என்று 2010இல் கணினி கொண்டு நிறுவிவிட்டார்கள். கியூபுக்குச் சாத்தியமான நிலைகளின் எண்ணிக்கை 43,252,003,274,489,856,000 என்பதை நினைத்தால் இது வியப்பான செய்திதான். ஆனால் அந்த 20 திருப்பு வழியைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கும் மனிதர் எவரும் இல்லை. சிஎஃப்ஓபி முறையில் 55 முதல் 60 திருப்புகள் ஆகும். அதைவிடக் குறைந்த திருப்புகளில் முடிக்கும் முறைகளும் உண்டு. ஜில் ரூ என்ற பிரெஞ்சுக்காரர் 2003இல் வகுத்த ரூ முறையில் ஐம்பதுக்கும் குறைவாகவே ஆகும். ஆனால் அடுக்கு முறையிலிருந்து வருபவருக்குச் சிஎஃப்ஓபியே பழகிய பாதை என்பதால் அதையே பரிந்துரைக்கிறேன். முறையை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எதிலும் வேகம் பெறாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

முதல் கட்டமான கிராஸ் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் தெரிந்த விதத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அடுக்கு முறையில் மஞ்சள் மையத்தைச் சுற்றி வெள்ளை விளிம்புத் துண்டுகளைப் பூப்போல அமைத்து, பிறகு ஒவ்வொன்றாகக் கீழே இறக்குவோம். அந்தச் சுற்று வழி இனி வேண்டாம். வெள்ளைக் கிராஸை நேராகக் கீழ்ப்பக்கத்திலேயே கட்ட வேண்டும். மேலே கட்டிவிட்டுக் கியூபைத் தலைகீழாகக் கவிழ்த்தால் அந்த நேரம் வீண், அதோடு கவிழ்த்தவுடன் எல்லாத் துண்டுகளும் கண்ணுக்குப் புதிதாகத் தோன்றுவதால் தேடலும் முதலிலிருந்து தொடங்கும். எந்த நிலையிலிருந்தும் கிராஸை அதிகபட்சம் எட்டுத் திருப்புகளில் கட்டிவிட முடியும். பெரும்பாலான நேரங்களில் ஆறு, ஏழு போதும். போட்டிகளில் கடிகாரம் தொடங்கும் முன் கியூபைப் பார்வையிட 15 வினாடி கொடுக்கிறார்கள். எட்டாவது வினாடியிலும் பன்னிரண்டாவது வினாடியிலும் நடுவர் குரல் கொடுத்து நினைவுபடுத்துவார். அந்தப் பதினைந்து வினாடிக்குள் கிராஸ் முழுவதையும் மனத்தில் கட்டி முடித்துவிட வேண்டும் என்பதே இலக்கு.

இதற்கு நான் செய்த பயிற்சி எளியது. கியூபைக் கலைத்து, நேரக் கணக்கே வைத்துக்கொள்ளாமல், நான்கு வெள்ளை விளிம்புகளும் எந்தெந்தத் திருப்பில் எங்கெங்கே போகும் என்று மனத்தில் ஓட்டிப் பார்த்து, தெளிவாகிவிட்டது என்று தோன்றிய பிறகு கண்ணை மூடிக்கொண்டு திருப்புவது. கண்ணைத் திறக்கும்போது கிராஸ் இருந்தால் திட்டம் சரி. தொடக்கத்தில் இரண்டு துண்டுகளுக்கு மட்டும் திட்டமிட்டாலே போதும், பிறகு மூன்று, பிறகு நான்கு என்று கூட்டிக்கொள்ளலாம். இன்னொன்றும் இங்கே பயன்படும்: நான்கு விளிம்புகளும் உடனே தத்தம் மையத்தோடு பொருந்தியாக வேண்டியதில்லை. அவற்றின் வரிசை ஒன்றுக்கொன்று சரியாக இருந்தால் போதும். கடைசியில் கீழ் அடுக்கை ஒரு திருப்புத் திருப்பினால் நான்கும் ஒரே நேரத்தில் பொருந்திவிடும். வெள்ளையைக் கீழும் பச்சையை முன்னும் வைத்துப் பிடித்தால் வலப்பக்கம் ஆரஞ்சு, பின்னால் நீலம், இடப்பக்கம் சிவப்பு. இந்த வரிசை தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வருமளவுக்குப் பதிய வேண்டும்.

இரண்டாவது கட்டமான எஃப்-2-எல், அதாவது முதல் இரண்டு அடுக்குகளையும் சேர்த்தே கட்டுவது, இந்த முறையின் உயிர் என்று நினைக்கிறேன். அடுக்கு முறையில் முதலில் நான்கு வெள்ளை மூலைகளை வைத்துவிட்டு, பிறகு நான்கு நடு விளிம்புகளைத் தனித்தனியே வைப்போம்; ஆக எட்டு வேலை, எட்டுத் தேடல். எஃப்-2-எல்லில் ஒரு மூலையையும் அதற்குரிய விளிம்பையும் மேல் அடுக்கில் ஜோடியாகச் சேர்த்து, இரண்டையும் ஒன்றாக அதன் ஸ்லாட்டில், அதாவது அவை போய் உட்கார வேண்டிய இடத்தில், இறக்குகிறோம்; ஆக நான்கு வேலை, நான்கு தேடல். ஒரு ஜோடிக்குச் சராசரியாக ஏழெட்டுத் திருப்புகள் ஆகும்.

ஒரு மூலையும் ஒரு விளிம்பும் இருக்கக்கூடிய நிலைகள் மொத்தம் 41 என்று பட்டியலிட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலை அச்செடுத்து மனப்பாடம் செய்யத் தொடங்குபவர்களை நான் தடுத்து நிறுத்த விரும்புகிறேன். இந்தக் கட்டத்தில் மனப்பாடம் கெடுதல், புரிதல் போதும். உதாரணத்துக்கு, பச்சை-ஆரஞ்சு ஸ்லாட் முன்பக்கம் வலப்புறம் காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேல் அடுக்கில் முன்பக்க இடது மூலையில் வெள்ளை-பச்சை-ஆரஞ்சு மூலையும், அதை ஒட்டி முன்பக்க நடுவில் பச்சை-ஆரஞ்சு விளிம்பும் நிற்கின்றன. இரண்டிலும் மேலே பச்சை, முன்னே ஆரஞ்சு, மூலையின் வெள்ளை இடப்பக்கம் பார்க்கிறது. இதுதான் சேர்ந்துவிட்ட ஜோடி. ஆர், யு பிரைம், ஆர் பிரைம் என்ற மூன்றே திருப்புகளில் இது ஸ்லாட்டுக்குள் இறங்கிவிடும். (ஆர் என்றால் வலப்பக்கத்தை, யு என்றால் மேல் அடுக்கை, எஃப் என்றால் முன்பக்கத்தைக் கடிகாரம் சுற்றும் திசையில் கால் சுற்றுத் திருப்புவது; பிரைம் சேர்ந்தால் எதிர்த்திசை, இரண்டு சேர்ந்தால் அரைச் சுற்று.) முதல் திருப்பு காலி ஸ்லாட்டை மேலே கொண்டுவருகிறது, இரண்டாவது ஜோடியை அதில் தள்ளுகிறது, மூன்றாவது ஸ்லாட்டை ஜோடியோடு கீழே இறக்குகிறது. இதை மெதுவாகத் திருப்பி, ஒவ்வொரு திருப்பிலும் துண்டுகள் எங்கே போகின்றன என்று பார்த்தவர்களுக்கு மற்ற நாற்பதும் இதற்கு முந்தைய கட்டங்கள் என்பது விளங்கிவிடும்.

மூலையின் வெள்ளை பக்கவாட்டில் பார்க்கும்போது ஒரு விதி உதவும். மூலையின் மேற்புற நிறமும் விளிம்பின் மேற்புற நிறமும் ஒன்றாக இருந்தால் இரண்டையும் அருகருகே கொண்டுவந்து ஜோடி சேர்க்க வேண்டும். வெவ்வேறாக இருந்தால் இரண்டையும் விலக்கி நிறுத்தி, ஸ்லாட்டுக்குள் போகும் வழியில் சேரும்படி செய்ய வேண்டும். வெள்ளை மேலே பார்க்கும் நிலைகள் சற்றுக் கூடுதல் திருப்பு கேட்கும். துண்டு தவறான ஸ்லாட்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தால் மூன்று திருப்பில் மேலே எடுத்துவிட்டுத் தொடர வேண்டியதுதான். காலியாக இருக்கும் ஸ்லாட்டுகளில் எதை வேண்டுமானாலும் தற்காலிகமாகக் கலைக்கலாம், அதனால் நட்டமில்லை என்பதை உணர்ந்தவுடன் கை தானாக வழி கண்டுபிடிக்கத் தொடங்கும்.

இப்போது கண் நிற்கும் பிரச்சினைக்கு வருகிறேன். எஃப்-2-எல்லில் மொத்தம் முப்பது திருப்புகள் என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு ஐந்து வீதம் பாய்ந்து பாய்ந்து திருப்புபவருக்கு ஆறு வினாடி ஆகும். ஆனால் ஒவ்வொரு ஜோடிக்கும் முன்னால் மூன்று வினாடி நின்று தேடினால் அதில் பன்னிரண்டு வினாடி, மொத்தம் பதினெட்டு. வினாடிக்கு இரண்டே திருப்பு வீதம், ஆனால் எங்கும் நிற்காமல் திருப்புபவருக்குப் பதினைந்து வினாடி. மெதுவாகத் திருப்புபவர் முந்திவிடுகிறார். இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதிப் பார்க்கும் வரை நான் நம்பவில்லை; பாப்பா, அதாவது அந்த அக்கா மகள், பலமுறை சொல்லியும் நம்பவில்லை.

நிற்காமல் திருப்புவதற்கு ஒரே வழி, கை ஒரு ஜோடியை இறக்கிக்கொண்டிருக்கும்போதே கண் அடுத்த ஜோடியைத் தேடுவது. லெட்ஜரில் நீண்ட பத்தியைக் கூட்டும்போது விரல் ஒரு வரியில் இருக்க, கண் அதற்கடுத்த வரியை ஏற்கெனவே படித்திருக்குமே, அந்தப் பழக்கம்தான் இது. கை செய்யும் வேலையைக் கண் மேற்பார்வை பார்க்க வேண்டிய தேவை இல்லாத அளவுக்கு இறக்கும் திருப்புகள் பழகியிருந்தால்தான் கண் விடுதலையாகும். அதனால்தான் முதலில் புரிதலும், பிறகு ஒவ்வொரு நிலையிலும் கைப்பழக்கமும் வேண்டும் என்கிறேன்.

இதற்கு மெட்ரோனோம் வைத்துப் பயிற்சி செய்யச் சொல்வார்கள். சீரான தாளத்தில் ஒரு தட்டுக்கு ஒரு திருப்பு. தட்டு வருவதற்குள் அடுத்த துண்டு தெரியவில்லை என்றால் தாளத்தை இன்னும் குறைக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு இது இலவசமாகவே கிடைக்கிறது. பக்கத்துத் தறிக்குடோனில், எங்கள் சுவரை ஒட்டி நிற்கும் விசைத்தறி ஒன்றின் சத்தம் மற்றவற்றைவிடத் தனித்துக் கேட்கும். அது வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி அடிக்கிறது. நாடா ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவதற்குள் ஒரு திருப்பு என்று வைத்துக்கொண்டு, ராத்திரி ஷிப்டுத் தறியோடு சேர்ந்து எஃப்-2-எல் பயிற்சி செய்தேன். தொடக்கத்தில் அந்த வேகம் பொறுக்க முடியாத அளவுக்கு மெதுவாகத் தோன்றும். மூன்றாவது ஜோடியைத் தேடும்போது அதுவே துரத்துவதுபோல் இருக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாட்களில் மட்டும் அலைபேசியில் தட்ட வைத்துக்கொள்வேன்.

இதில் துணையாக இருக்கும் பழக்கங்கள் இரண்டு. பின்பக்க ஸ்லாட்டுகளை முதலில் நிரப்பிவிட்டால், மீதமிருக்கும் வேலை எல்லாம் கண்ணெதிரே முன்பக்கத்தில் இருக்கும்; பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. அடுத்தது, கியூபை முழுதாகச் சுழற்றிப் பிடிப்பதைக் குறைப்பது. ஒவ்வொரு சுழற்சியிலும் கண் பிடித்து வைத்திருந்த துண்டு நழுவிப்போகிறது. வலக்கையால் மட்டும் இறக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு ஸ்லாட்டையும் வலப்பக்கம் கொண்டுவரச் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள். இடக்கைக்கும் அதே திருப்புகளைக் கண்ணாடி பார்ப்பதுபோல் மாற்றிப் பழக்கிவிட்டால் பாதிச் சுழற்சிகள் ஒழிந்துவிடும்.

கடைசி அடுக்குக்கு வந்தால் நிலைமை தலைகீழ், இங்கே மனப்பாடம்தான். ஓஎல்எல் மேற்பக்கம் முழுவதையும் மஞ்சளாக்குகிறது; அதற்கு 57 பார்முலாக்கள். பிஎல்எல் மஞ்சள் துண்டுகளைத் தத்தம் இடத்துக்கு மாற்றுகிறது; அதற்கு 21. மொத்தம் 78 என்று கேட்டவுடன் பலர் ஓடிவிடுவார்கள். ஓட வேண்டியதில்லை, ஏனென்றால் ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு பார்வையாகப் பிரித்துக்கொண்டால் 16 பார்முலாக்களே போதும்: ஓஎல்எல்லுக்குப் பத்து (விளிம்புகளுக்கு மூன்று, மூலைகளுக்கு ஏழு), பிஎல்எல்லுக்கு ஆறு.

எதை முதலில் கற்பது என்று தீர்மானிக்க, எது எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதைப் பார்த்தாலே போதும். எஃப்-2-எல் முடிந்து மேலே பார்க்கும்போது மஞ்சள் கிராஸ் தானாகவே அமைந்திருப்பது எட்டில் ஒரு முறை. எல் வடிவம் இரண்டில் ஒரு முறை, நேர்கோடு நான்கில் ஒரு முறை, ஒரு விளிம்பும் மஞ்சளாக இல்லாத புள்ளி நிலை எட்டில் ஒரு முறை. நேர்கோட்டுக்கு எஃப், ஆர், யு, ஆர் பிரைம், யு பிரைம், எஃப் பிரைம். எல் வடிவத்துக்கு அதே பார்முலாவை, முன் அடுக்கோடு நடு அடுக்கையும் சேர்த்துப் பிடித்துத் திருப்ப வேண்டும். புள்ளிக்கு இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் முடிந்தது. மூலைகளுக்கான ஏழில் சூன் என்று பெயர் பெற்ற ஆர், யு, ஆர் பிரைம், யு, ஆர், யு இரண்டு, ஆர் பிரைம் என்பதை அடுக்கு முறையிலேயே பலர் கற்றிருப்பார்கள். அதன் எதிர்வடிவம் அதைப் பின்னிருந்து போடுவதுதான்.

பிஎல்எல் பார்முலாக்களைப் பெர்ம் என்பார்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்துப் பெயர். பக்கத்துப் பக்க மூலைகளை மாற்ற டி பெர்ம், எதிர்மூலைகளை மாற்ற ஒய் பெர்ம், விளிம்புகளுக்கு இரண்டு யு பெர்ம்களும் எச்சும் இசட்டும். முழு பிஎல்எல்லுக்குப் போகும்போதும் கணக்கு உதவுகிறது. 21 நிலைகளில் 16, ஒவ்வொன்றும் பதினெட்டில் ஒரு முறை வரும். இசட்டும் இ-யும் முப்பத்தாறில் ஒரு முறை. எச்சும் இரண்டு என்-களும் எழுபத்திரண்டில் ஒரு முறை. ஆகவே நீளமான என் பெர்ம்களைக் கடைசிக்குத் தள்ளிவைப்பதில் எந்தப் பாவமும் இல்லை. ஆனால் பலரும் குழப்பம் கருதி ஒத்திப்போடும் நான்கு ஜி பெர்ம்களையும் சேர்த்தால் அவை ஒன்பதில் இரண்டு முறை வருகின்றன. அவற்றை ஒத்திப்போடுவது நட்டக் கணக்கு. பார்முலாவை எழுத்தாக நினைவில் வைக்க முயல்வதைவிட, நான்கைந்து திருப்புகள் கொண்ட துண்டங்களாகப் பிரித்து விரலுக்குச் சொல்லிக்கொடுப்பது நிலைக்கும். எனக்கு இன்று டி பெர்மை வாயால் சொல்லச் சொன்னால் வராது. கியூபைக் கையில் கொடுத்தால் வரும்.

விரல் நுட்பத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதைப் பற்றி வேண்டிய அளவுக்கு மேலேயே பேசப்படுகிறது. மேல் அடுக்கை முழுக்கையால் பிடித்துத் திருப்பக் கூடாது. வலப்பக்கத்தை மணிக்கட்டு திருப்பும்; மேல் அடுக்கின் பின்பக்க வலது மூலையை வலக்கை ஆள்காட்டி விரல் தன்பக்கமாகச் சுண்டினால் யு, இடக்கை ஆள்காட்டி விரல் அதையே மறுபக்கம் செய்தால் யு பிரைம். ஆர், யு, ஆர் பிரைம், யு பிரைம் என்ற நான்கையும் சேர்ந்த கியூபில் ஆறு முறை போட்டால் கியூப் பழைய நிலைக்கே திரும்பிவிடும். பேருந்தில் நின்றுகொண்டே செய்யத்தக்க பயிற்சி இது. மங்கலம் வழியாகத் திருப்பூர் போகும் பேருந்தில் இதைச் செய்துகொண்டிருக்கும் நடுவயதுக்காரனைச் சிலர் வேடிக்கை பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

கியூபுக்கு வருவோம். அவிநாசித் தேர்க்கடையில் வாங்கும் கியூபில் கற்றுக்கொள்ளலாம், வேகம் பெற முடியாது. ஓர் அடுக்கு முழுதாகப் பொருந்தி நிற்கும் முன்பே அடுத்த அடுக்கைத் திருப்ப அது விடாது. வேகத்துக்கென்று செய்யப்படும் கியூபுகள் அந்தக் கோணல் நிலையிலும் வழுக்கிக்கொண்டு திரும்பும். உள்ளே துண்டுகளில் பொதித்த சிறு காந்தங்கள் அடுக்கைத் தானாகவே நேரே இழுத்து நிறுத்தும். மோயூ, கியூஒய் போன்ற நிறுவனங்களின் காந்தக் கியூபுகளில் விலை குறைந்தவையே தொடக்கத்துக்குத் தாராளம்; விலையுயர்ந்த கியூப் ஒன்றிரண்டு வினாடி குறைக்கலாம், நாற்பது வினாடியைக் குறைக்காது. எண்ணெய் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பனியன் கம்பெனியில் கைக்கெட்டும் தூரத்திலேயே நிட்டிங் மெஷின் எண்ணெய் இருக்கிறது என்பதற்காக அதைப் போடக் கூடாது, பெட்ரோலிய எண்ணெய் பிளாஸ்டிக்குக்கு ஆகாது. தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகிவிடும். இதற்கென்று விற்கும் சிலிக்கான் எண்ணெய் இரண்டு சொட்டுப் போதும்.

முன்னேற்றத்தை அளப்பதிலும் ஒழுங்கு வேண்டும். ஒரே ஒரு நல்ல நேரத்தைச் சொல்லிப் பெருமைப்படுவதில் பொருளில்லை; பிஎல்எல் தானாகவே அமைந்துவிடும் அதிர்ஷ்டம் எழுபத்திரண்டில் ஒரு முறை யாருக்கும் வரும். போட்டிகளில் ஐந்து முறை சேர்க்க வைத்து, மிக நல்லதையும் மிக மோசமானதையும் நீக்கிவிட்டு, நடுவிலுள்ள மூன்றின் சராசரியைத்தான் எடுக்கிறார்கள். வீட்டிலும் அதே முறையில் அளப்பதே நியாயம். அலைபேசியில் சிஎஸ்டைமர் என்ற கடிகாரம் இதைத் தானே கணக்கிட்டுக் கொடுக்கும். கோவையில் நடந்த ஒரு போட்டிக்குப் பாப்பாவை அழைத்துப் போயிருந்தேன். அங்கே என்னைக் கவர்ந்தது வேகம் அன்று, வேகமானவர்களின் அமைதி. பத்து வினாடிக்குள் முடிக்கும் சிறுவர்களின் கை அவசரப்படுவதாகவே தெரியவில்லை. நின்று தேடும் கணம் ஒன்றுகூட இல்லாததால் எல்லாம் ஒரே ஓட்டமாக இருந்தது. முடித்த பிறகு ஓர் அடுக்கு 45 பாகைக்கு மேல் கோணலாக நின்றால் இரண்டு வினாடி அபராதம் என்ற விதியால், கடைசித் திருப்பை மட்டும் அவர்கள் சற்றே நிதானமாகச் செய்தார்கள்.

இப்போது நான் இருக்கும் இடத்தில், கிராஸுக்கும் முதல் ஜோடிக்கும் இடையில் விழும் இடைவெளிதான் மிச்சமிருக்கும் பெரிய கசிவு. கிராஸைத் திட்டமிடும்போதே ஒரு ஜோடியின் மூலையையும் விளிம்பையும் குறித்துவைத்துக்கொண்டு, கிராஸின் திருப்புகளில் அவை எங்கே போய் நிற்கும் என்று பின்தொடர வேண்டும். 15 வினாடிக்குள் இதையும் செய்வது எனக்கு இன்னும் எப்போதாவதுதான் கைகூடுகிறது. ஜி பெர்ம்களில் இரண்டு பழகிவிட்டன, மற்ற இரண்டும் ஒன்றோடொன்று குழம்புகின்றன.

முழு ஓஎல்எல்லை எப்போது தொடங்குவது என்பதில் எனக்கும் பாப்பாவுக்கும் ஒத்துப்போகவில்லை. இருபது வினாடிக்குக் கீழே வரும் வரை அதைத் தொட வேண்டாம், அந்த நேரத்தை எஃப்-2-எல்லுக்குக் கொடுக்கலாம் என்பது என் கட்சி. “அதெல்லாம் இல்லீங் மாமா, பத்து உங்களுக்குத் தெரிஞ்சதுதானுங்க” என்கிறாள் அவள். அவள் சொல்வதிலும் கணக்கு இருக்கிறது: மூலைகளுக்கான ஏழும் அந்த 57இல் அடக்கம், விளிம்புகளுக்குக் கற்ற மூன்றும் ஒவ்வொரு தனி நிலையில் மேற்பக்கம் முழுவதையும் ஒரே அடியில் மஞ்சளாக்கிவிடும். மீதி 47. அவற்றில் வாரத்துக்கு இரண்டு கற்றால் போதும் என்று அவள் ஒரு பட்டியலே போட்டுக் கொடுத்திருக்கிறாள். எல் வடிவம் பாதிக்குப் பாதி வருவதால் அந்த வடிவத்துக்குரிய நிலைகளிலிருந்து தொடங்கியிருக்கிறாள்.